குதிகாலுக்குப் பூசும் க்ரீம்

சித்திக்கு எண்ணெய் வழியும் முகம். காலையில் குளித்துவிட்டு வரும்போது நன்றாகத்தான் இருப்பாள். வெயில் ஏறத் தொடங்கினால் நெற்றியும் மூக்கும் மினுங்க ஆரம்பித்துவிடும். கரண்டு போனால் அவளுடைய நெற்றி வெளிச்சத்திலேயே சோறு தின்னலாம் என்று மாமா சொல்வார். அவர் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். அப்பா வளைகுடாவில் இருந்ததால் அம்மாவும் நானும் பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த மாமாவின் வீட்டில் தங்கியிருந்தோம். சித்தியும் அங்கேதான் இருந்தாள். தனுவச்சபுரத்தில் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்காக நெய்யாற்றின்கரையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது.

அவள் கேலியைக் கேட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. காரக்கோணத்துக்குப் போய்த் தோல் மருத்துவரைப் பார்த்து வந்தாள். அவர் சொன்னதையெல்லாம் வேதபாடம் போல என்னிடம் ஒப்பிப்பாள். முகத்தை ஓயாமல் கழுவக் கூடாது. கழுவக் கழுவ எண்ணெய் கூடும். பிசுபிசுப்பில்லாத ஜெல் மட்டும்தான் பூச வேண்டும். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கக் கூடாது. முகம் மினுங்கினால் டிஷ்யூ தாளை வைத்து ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பவுடரை மூக்கிலும் நெற்றியிலும் லேசாக அழுத்தி வைத்தால் போதும். அவள் கண்ணாடி முன்னால் உட்காரும்போது தாளை நாலாக மடித்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் அகம்பாவமே உண்டு. சில மாதங்களில் அவள் முகம் தெளிந்துவிட்டது. அதற்கு நானும் ஒரு காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தெளிவைப் பார்த்த பிறகுதான் மாமா தரகரிடம் சொல்லிவைத்தார். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. சித்தி தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தாள். “கல்யாணம் கழிஞ்சும் எழுதலாம். பரீட்சை எங்கயும் ஓடிப் போவாது” என்றார் மாமா. அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பையன் நெய்யாற்றின்கரையில் மருந்துக்கடை வைத்திருந்தான். காலையிலிருந்தே வீட்டில் யாருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. மாமா வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மாமி பழம்பொரியைப் பொரித்து மூடி, ஆறிவிட்டதோ என்று திறந்து பார்த்து, மறுபடியும் மூடினாள். அம்மா ஒரே நாற்காலியை மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தாள். இதற்கு நடுவில் கரண்டு வேறு போய்விட்டது.

நான் தாளை மடித்து எடுத்துக்கொண்டு சித்தியின் அறைக்குப் போனேன். அவள் தலைமுடி முழுக்கத் தேங்காய் எண்ணெய். உச்சியிலிருந்து வழிந்து நெற்றியோரம் வரைக்கும் வந்திருந்தது. மாமியின் அலமாரியிலிருந்து எடுத்த ஒரு டப்பா மடியில் திறந்திருந்தது. மாமி குதிகால் வெடிப்புக்குப் பூசுகிற தடித்த க்ரீம். சித்தி அதை விரலால் வழித்து இரண்டு கன்னத்திலும் அப்பிக்கொண்டிருந்தாள்.

“சித்தி! அது காலுக்கு உள்ளதாக்கும்!”

“மிண்டாம இரி மக்கா” என்று என் வாயை அடக்கினாள்.

“ஜெல் மட்டும்தான் பூசணும்னு டாக்டர் சொன்னாவல்லா? நீ மறந்துட்டியா?”

அவள் க்ரீமுக்கு மேல் ஃபவுண்டேஷனைப் பூசி, அதற்கு மேல் பவுடரைக் கொட்டித் தேய்த்தாள். ஆம், தேய்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் புத்தி கலங்கிப் போய்ப் படித்ததையெல்லாம் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தாளை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

சித்தி சாயாத் தட்டோடு வந்தபோது அவள் முகம் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தது. ஃபவுண்டேஷன் திட்டுத்திட்டாக வழுக்கி, மூக்கின் இரு பக்கமும் கோடு விழுந்து, தாடையில் சேறு மாதிரி தேங்கியிருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பையனுடைய அம்மா சாயாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மீண்டும் சாயாவைப் பார்த்தாள். மாமா மட்டும் சத்தமாக வெயிலைத் திட்டினார்.

நான் கதவோரம் நின்று, சித்தி என் பக்கம் திரும்புவாளா, ஒரு தடவையாவது ஒற்றிவிட முடியுமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கையிலிருந்த தாள் வியர்வையில் நைந்து போயிருந்தது.

பையன் சித்தியோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்றான். மாமி உடனே என்னையும் கூட அனுப்பினாள். கிணற்றடிக்குப் போய் அவர்கள் நின்றதும் நானும் நின்றேன். அவன் வாயைத் திறப்பதற்குள், பழம்பொரித் தட்டை எடுத்துக் கொடுக்க மாமி என்னைக் கூப்பிட்டுவிட்டாள். தட்டைக் கொண்டுவைத்துவிட்டு ஓட்டமாக ஓடி வந்தேன். நான் திரும்பி வந்தபோது அவன் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்:

“முகம் செரியில்லேன்னுதான் சொல்லுவேன். பரவாயில்லியா?”

“சொல்லிக்கிடுங்க” என்றாள் சித்தி.

இப்படியும் ஒருவன் நேருக்கு நேராகச் சொல்வானா என்று எனக்குக் காது சுட்டது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து சொன்னார். பெண்ணின் முகத்தில் எண்ணெய் வழிகிறது, தோலில் ஏதோ சீக்கு இருக்கும்போல, வேண்டாம் என்கிறார்கள் என்று. மாமா அதை அப்படியே வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக் கத்தினார். “ஒரு மருந்துக்கடைக்காரன் எனக்க தங்கச்சிக்குச் சீக்குன்னு சொல்லுதான், கேட்டியளா?” அந்த வார்த்தையைக் கேட்டபோது சித்தியின் முகம் மாறியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் மறுநாள் காலையில் வழக்கம்போல முகம் கழுவி, ஜெல் பூசி, என்னிடம் தாள் வாங்கி ஒற்றிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். செய்தி ஊருக்குள் பரவியது. வரவிருந்த இன்னொரு வீட்டுக்காரர்களும் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமா சோர்ந்துபோய், “அவ பரீட்சை எழுதித் தொலையட்டும்” என்றார்.

கிணற்றடியில் நான் இல்லாதபோது நடந்ததைச் சித்தி பல வருஷம் கழித்து, தாலுகா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சொன்னாள். அவன் முதலில் கேட்டானாம்: “இது காலு வெடிப்புக்கு உள்ள க்ரீமாக்கும். மணத்த வச்சே தெரியும், தெனமும் எடுத்துக் குடுக்கதுல்லா. அறியாம பூசினதா, அறிஞ்சு பூசினதா?” அவள் அறிஞ்சுதான் என்றாளாம். பரீட்சையைச் சொன்னாளாம். அதற்கு அவன், சும்மா வேண்டாம் என்று சொன்னால் உங்கள் அண்ணன் அடுத்த வாரமே வேறு ஆளைக் கொண்டுவருவார், முகத்தைக் காரணம் சொன்னால் கொஞ்ச காலத்துக்கு யாரும் வரமாட்டார்கள், ஆனால் பேச்சுக் கேட்க வேண்டியது நீங்கள்தான் என்றானாம். சீக்கு என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததா, வழியில் தரகர் சேர்த்ததா என்று அவளுக்கும் தெரியவில்லை.

இதொன்றும் தெரியாத நான் அவனை மனதார வெறுத்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் சித்தி என்னை நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப் போனாள். ஃபேஸ்வாஷ் வாங்க வேண்டும் என்றாள். எத்தனையோ மருந்துக்கடைகள் இருக்க, நேராக அவன் கடைக்கே போனாள். அவன் எழுந்து நின்றான்.

“எப்பம் பரீட்சை?”

“அடுத்த மாசம்.”

“படிச்சு முடிஞ்சா?”

“இனியும் பாதி உண்டு.”

அவ்வளவுதான் பேச்சு. வெயிலுக்குப் பூசுகிற ஜெல்லின் இரண்டு சின்ன பாக்கெட்டுகளை ஃபேஸ்வாஷோடு சேர்த்துப் போட்டான். எனக்கு ஒரு மிட்டாய் நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சித்தி வாங்கி என் பையில் போட்டாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் நான் உட்காரவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன மக்கா, மொகத்தத் தூக்கி வச்சிருக்க?”

“அவன் உன்னைய அவ்வளவு சொன்னான். நீ அவன்ட்ட போய்ச் சிரிச்சிட்டு நிக்க.”

“அவரு நல்ல மனுசனாக்கும்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றில் அவள் முடி பறந்து முகத்தில் விழுந்தது. அதை ஒதுக்கக்கூட இல்லாமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மனுஷிக்கு இவ்வளவா சொரணை கெட்டுப்போகும் என்று எனக்கு அவளை நினைத்து வெட்கமாக இருந்தது. பெரியவளானால் இவளைப் போல மட்டும் ஆகிவிடக் கூடாது என்று, பாறசாலை வரும்வரை கம்பியை விடாமல் பிடித்தபடி எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.