பத்திரிகையில் வந்த வெள்ளைச் சேலை

கனகமணி டீச்சர் வெள்ளைச் சேலை கட்டத் தொடங்கியது கணவர் பவுல்பாண்டியன் இறந்த பிறகு. பதினோரு வருடமாக வேறு நிறம் உடுத்தியதில்லை. சங்கரன்கோவிலில் மூன்றாம் வகுப்பு எடுத்துவந்தார். "பேயாவது பிசாசாவது" என்று பிள்ளைகளை அதட்டுவார். புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் புளியங்குடி சாலையில் தனியாக நடந்துதான் வீட்டுக்கு வருவார்.

1979 மார்கழியில் ஊர்த் தியேட்டரில் ஒரு பேய்ப் படம் ஆறு வாரம் ஓடியது. அதுவரை அந்தப் பக்கத்துப் பேய்களுக்கு இன்ன உருவம் என்றில்லை. புளியமரத்தில் இருந்தன, ஆளைப் பிடித்தன, அவ்வளவுதான். படம் வந்தபின் பேய் என்றாலே வெள்ளைச் சேலை, விரித்த தலை என்றாகிவிட்டது.

தறிக்காரர் கோமதிநாயகம் அதை மூன்றாம் தடவையாக மேட்னியில் பார்த்துவிட்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கிய நேரம். எதிரே வெள்ளையாக ஏதோ வந்தது. அலறியபடி சைக்கிளோடு ஓடைக்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. டீச்சர்தான் ஓடிப்போய் ஆள் கூட்டிவந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கோமதிநாயகத்துக்கு அப்போது நினைவில்லை.

மறுவாரம் ஒரு வாரப் பத்திரிகையில் வரைந்த படத்தோடு செய்தி வந்தது: சாலையில் காலில்லாத பெண். டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க பார்த்தது என்னையத்தான்."

"சும்மா இருங்க டீச்சர். அதுக்குக் கால் கிடையாது. புஸ்தகத்துல போட்டிருக்காம்லா."

"நீங்க காலைப் பார்த்தீங்களா?"

"அன்னைக்குச் சரியாக் கவனிக்கல. படிச்ச பெறவுதான் ஞாபகம் வந்துச்சு."

டீச்சர் பத்திரிகைக்கு எழுதிய மறுப்புக் கடிதம் வெளிவரவில்லை. அடுத்த இதழிலும் பேய்தான் வந்தது. சலூனில் அதைக் கிழியும்வரை படித்தார்கள். யாரும் இனி பயப்பட வேண்டாமென்று டீச்சர் நீலச் சேலை ஒன்று வாங்கினார். முதல் நாள் அதைக் கட்டும்போது, பவுல்பாண்டியனை இரண்டாம் முறை அடக்கம் பண்ணுவதுபோல் இருந்தது அவருக்கு.

ஆனாலும் வெள்ளைச் சேலை தென்படுவது நிற்கவில்லை. தை மாதத்தில் இரண்டு பேர் பார்த்தார்கள். மாசியில் சிவகிரி பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டமே பார்த்தது. டீச்சர் பத்திரிகையை வாராவாரம் வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். முதலில் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் படித்தார். பிறகு, சாலையில் நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஜெபக்கூட்டத்துக்குப் போவது நின்றது.

சர்ச் பாதிரியாரான சபை ஐயர் வீடு தேடி வந்தார். "நீங்களே இப்படிப் பயந்தா எப்படிம்மா? அது நீங்கதான்னு நீங்களே சொன்னீங்கள்லா?"

"நான்தான்னு நெனச்சேன் ஐயரே. இப்ப நான் நீலம்லா கெட்டுதேன். அப்ப அங்கன நிக்கது யாரு?"

ஐயர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். டீச்சர் கண்ணை மூடவில்லை.