இரண்டு பொத்தான் கதவு

காட்டுப்பாக்கத்தில் எழும்பிய அடுக்குமாடிகளில் பாதிக்கு வயர் இழுத்தவன் கங்காதரன். ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து இதே வேலைதான். எந்த லைன் செத்திருக்கிறது என்று டெஸ்டரை வைக்குமுன்பே சொல்லிவிடுவான் என்று மேஸ்திரிகள் பெருமையடிப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆளை, கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு கதவு வாரக்கணக்கில் படுத்தி எடுத்தது.

கட்டைகளை அடுக்கி வீடு, கோட்டை, ஊர் என்று இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளும் விளையாட்டு அது. வயர், விளக்கு, பொத்தான் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. கங்காதரனும் ஐ.டி.ஐ. கூட்டாளி அழகேசனும் அங்கே சேர்ந்து ஒரு பெரிய வீடு கட்டியிருந்தார்கள். கல்யாணமானதும் அழகேசன் வெள்ளானூர் பக்கம் போய்விட்டான். ஷிஃப்ட் வேலை வேறு. நேரில் பார்ப்பதே அபூர்வம். ஆனால் ஞாயிறு சாயங்காலமானால் இரண்டு பேரும் அந்த வீட்டில் ஆஜர். கட்டையை அடுக்கிக்கொண்டே மைக்கில் ஊர்க்கதை, வீட்டுச் சண்டை, சூப்பர்வைசரின் அழிச்சாட்டியம் எல்லாம் ஓடும். கங்காதரனுக்கு மனசுவிட்டுப் பேச அந்த ஓர் ஆள்தான்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் மனுஷன். ஒருநாள் வயர் கொண்டுபோக வழியில்லை என்று, அழகேசன் ஆசை ஆசையாகக் கட்டிய மாடி அறையை இடித்துத் தள்ளிவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வேலை செய்யும் இடத்தில் சுவரை வெட்ட இவன் யாரைக் கேட்டிருக்கிறான்?

அழகேசன் போனில் கொதித்தான். "இன்னா மச்சான், என் ரூமு உனுக்கு குப்பமேடா? ஒண்டியா உள்ள பூந்து இன்னொரு தபா கை வெக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒண்ணா பட்டன அமுக்குனாத்தான் தொறக்கணும். வாசலுக்கு அப்டி ஒரு கதவு போடு, வரேன்."

"ப்பூ, இவ்ளோதானா? நாளிக்கே போட்டுத் தரேன்" என்றான் கங்காதரன். வயர்க்காரன் வாய்!

இரண்டு சுவிட்சை ஒரே லைனில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். ஐ.டி.ஐ.யில் முதல் பாடம் அது. அப்படியே கோத்து, வீட்டு வெளிச்சுவரின் இந்தக் கோடியில் ஒரு பொத்தான், அந்தக் கோடியில் ஒரு பொத்தான் வைத்தான். ஒன்றை அமுக்கினான். கதவு ஆவென்று திறந்தது. ஓடிப்போய் மற்றதை அமுக்கினான். அதற்கும் திறந்தது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கோத்தான். மறுபடியும் அதே கதைதான். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரைத் தேடினான், அந்த உலகத்தில் நியூட்ரலே கிடையாதாம். நாசமாய்ப் போக!

ஞாயிறுதோறும் "ரெடியா?" என்று அழகேசனிடமிருந்து செய்தி வரும். "கொஞ்சம் பொறு மச்சான்" என்று இவன் பதில் போடுவான். பிறகு அந்தக் கேள்வியும் வருவதில்லை.

"இல்லாத ஊட்டுக்கு வயர் இழுத்துகினு கீறியே, நம்ம ஊட்டு பாத்ரூம்ல லைட்டு எரியாம கீது, தெரியுமா?" என்றாள் மனைவி வித்யா.

"கம்னு இரு. நானே வெறுத்துப்போய் கீறேன்."

அந்த எரிச்சலில் வயர் அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரே ஒரு பொத்தானைக் கதவோடு ஒட்டிவைத்துக் குத்தினான். லைனே இல்லை. ஆனாலும் கதவு திறந்தது! கங்காதரன் வாயைப் பிளந்தான். அட கிரகச்சாரமே, இங்கே பொத்தான் வருகிற கரண்டைக் கடத்திவிடும் சுவிட்ச் இல்லை, தானே கரண்டைத் தருகிறது! பின்னே எதை அமுக்கினாலும் திறக்காமல் என்ன செய்யும்? இத்தனை நாளும் காட்டுப்பாக்கத்து வயரை அங்கே கொண்டுபோய் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கரண்ட் வந்தால் அணைகிற விளக்கு ஒன்று அந்த விளையாட்டில் உண்டு. அதில் இரண்டை வைத்து, எது எரிந்தாலும் கதவு பூட்டியே கிடக்கும்படி செய்தான். ஒவ்வொரு பொத்தானும் ஒரு விளக்கை அணைக்கும். இரண்டும் ஒருசேர அணைந்தால்தான் திறக்கும். உடனே அழகேசனுக்குப் போன் போட்டான். அவனும் விளையாட்டுக்குள் வந்தான்.

இரண்டு பேரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி அமுக்கினார்கள். கதவு திறந்தது. கங்காதரன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அழகேசன் உள்ளே போய், சாமான் போட்டுவைத்திருந்த தன் பெட்டியைத் திறந்து, இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"இன்னா மச்சான் பண்றே? மாடி ரூம நானே கட்டித் தரேன்டா."

"வாணாம் மச்சான். கோவம்லாம் இல்ல. எத்தினி வாரம் கேட்டேன்? கம்பெனி பசங்க ஒரு ஊரு கட்டிகினு கீறானுங்க. எனுக்கு அங்கயே செட்டாயிடுச்சு. சாமான எடுத்துகினு போலாம்னுதான் வந்தேன்."

அழகேசனின் பெயர் திரையிலிருந்து மறைந்தது. கதவும் சாத்திக்கொண்டது. கங்காதரன் தன் பக்கத்துப் பொத்தானை அமுக்கினான். கதவு அசையவில்லை. மறுபடி அமுக்கினான். சுவரை உடைத்து உள்ளே போய்விடலாம்தான். போய் யாரோடு பேசுவது?

"இன்னுமா அந்தக் கதவு வேலை செய்யலே?" என்று அடுப்படியிலிருந்து வித்யா கேட்டாள்.

"செய்யுதுடி, நல்லாத்தான் செய்யுது" என்று எரிந்து விழுந்தான்.