பசிக்காத பட்டினி

மகள் வரும் சத்தம் கேட்கவில்லை. முதலில் நான் கவனித்தது அதைத்தான். எங்கள் தோட்டத்து லயன் வீட்டுப் படியில் அதிர அதிர ஏறுகிற பிள்ளை, அந்த வருடம் நான் திரும்பினால் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். கையைத் தொட்டால் ஈரத் துணி போலக் குளிரும். முதுகில் பூனைமயிர் முளைத்திருந்தது.

ஆனால் ஓட்டத்தில் முன்பைவிட வேகம். லுணுகலைப் பக்கத்தில் என் புஷ்பாவை முந்த ஆளில்லை. மெலிய மெலிய ஜெயித்தாள்.

பிறகு ஒரு நாள் உறைத்தது: கொடியில் அவளுடைய மாதத் துணி காய்ந்து ஏழு மாதம். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். நாத்தனார் வேறு, "யாரோட பழகுறான்னு கேளு அண்ணி" என்றாள். கேட்டேன்.

"நான் ஓடுற ஓட்டத்துல எவம்மா என்னயப் புடிப்பான்?" என்று சிரித்தாள்.

மாகாணப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அழுத்த முறிவு (அடிபடாமலே, ஓடி ஓடி எலும்பில் விழும் கீறல்). நாடி பார்த்த நர்ஸ் மறுபடியும் எண்ணினார். நாற்பதுக்கும் கீழே.

பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கிறவளோ?"

"இல்லீங்க ஐயா. தட்ட வழிச்சுத் திம்பா."

"அப்ப ஓடுற பிள்ளையளுக்கு வாற அந்த வருத்தம் எண்டு சொல்லேலாது. சாப்பாட்டை வெறுக்கவேணும், மாதவிலக்கு நிக்கவேணும், எலும்பு மெலியவேணும். மூண்டும் வேணும்."

இளைய டாக்டரம்மா விடவில்லை. "வெறுக்கணும்னு இல்ல சார். ஓட்டம் தின்னது போக உடம்புக்கு மிச்சமில்ல. அதுவே நோய்தான்."

இதற்கு என்ன பெயர், எது எல்லை என்று வெளிநாட்டு டாக்டர்களும் வாதாடுகிறார்களாம். நான் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பெரியவர், "பேரைப் பிறகு பாப்பம். ஓட்டத்தை நிப்பாட்டுங்கோ" என்றார். புஷ்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: உணவு போதாதபோது உடம்பு ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வரும். முதலில் மாதவிலக்கு. பிறகு சூடு. பசியைக்கூட அணைத்துவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு ரொட்டிதான் வைத்தேன். அதுதான் நியாயம் என்றிருந்தேன். உங்கள் வீட்டிலும் ஓடுகிற பிள்ளை இருந்தால், தட்டு காலியாகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

பயறு, முட்டை, கருவாடு என்று பசியில்லாத பிள்ளைக்கு நேரம் வைத்து ஊட்டினோம். ஊட்டத் தொடங்கிய பதினோராவது மாதம் விலக்கு வந்தது. கை சூடானது. அவள் எலும்பு மட்டும் பழைய பலத்துக்கு முழுதாகத் திரும்பாதாம். "இது உங்க எலும்பைவிட வயசானதும்மா" என்றார் டாக்டரம்மா.

அவளுக்குப் பத்தொன்பது. எனக்கு நாற்பத்திரண்டு. மழை நாளில் தேயிலைச் சரிவில் சேர்ந்து இறங்கும்போது, யார் யார் கையைப் பிடிப்பது என்று இருவருமே ஒரு கணம் நின்றுவிடுகிறோம்.