தெஹியோவிட்டவில் காரம் ஏறிய வாழைநார்

தெஹியோவிட்டவுக்கு யாரும் வாழைநார் தேடிப் போவதில்லை. நான் போனேன், போன மாதம், அடைமழைச் சனிக்கிழமை. வாழைநாரைப் பிசினில் பதித்துத் தகடாக்கி, இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் என் கடைசி வருடப் பொறியியல் ஆய்வு. நாரைக் காரத்தில் ஊறவைத்தால்தான் மேலே உள்ள மெழுகு போய்ப் பிசின் பிடிக்கும். இல்லாவிட்டால் நார் உருவிக்கொண்டு வந்துவிடும். இழுவை இயந்திரம் எனக்குக் கிடைத்தது அடுத்த வியாழன் மட்டும். கோட்டைவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை.

நார் உரித்துத் தருபவர் அங்கே இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் என் சித்தி. "காரத்துல ஊறப்போட்டு வைங்க" என்று போனில் சொல்லியிருந்தேன்.

அவிசாவளையில் ஏழரை மணி பஸ். அரை மணி நேரத்தில் தெஹியோவிட்ட. அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம், த்ரீவீல்தான் வழி.

வாசலிலேயே எனக்குத் தும்மல். வாளியில் என் நார் செக்கச்செவேலென்று கிடந்தது.

"என்ன சித்தி இது?"

"நீதானே புள்ள காரத்துல போடச் சொன்ன? கொச்சிக்காத்தூளு ஒரு பாக்கெட்டு முழுசா கொட்டிட்டேன். கையெல்லாம் எரியுது!"

அடக் கடவுளே! நான் சொன்ன காரம், போன தடவை வைத்துவிட்டு வந்த கோஸ்டிக் சோடா. அந்தப் போத்தல் மூடி திறக்காமல் அலுமாரியில் இருந்தது. ஆனாலும் சித்தியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாரை அலசி, கையுறை மாட்டி, சோடாக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலசினோம். காயவைக்க வெயிலுக்கு எங்கே போவது? இறப்பர் சீட் காயும் புகைவீட்டில் வேலை செய்யும் சித்தப்பா கைகொடுத்தார். "சீட்டோட சீட்டா தொங்கட்டும். தோட்டத்துத் தொரைக்கு மட்டும் தெரிய வேணாம்."

குறும்புக்குக் கொஞ்சம் மிளகாய் நாரையும் தனியே எடுத்துக்கொண்டேன். மறுநாள் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்தி, "நங்கி, மிரிஸ்த?" என்றார். தங்கச்சி, மிளகாயா என்று சிங்களத்தில் கேட்கிறார். இல்லை அண்ணா என்று தலையை ஆட்டி, "நே அய்யே, ஆராய்ச்சி" என்றேன்.

இரண்டு நாரையும் பிசினில் பதித்துத் தகடாக்கி, வியாழக்கிழமை இழுத்துப் பார்த்தேன். சோடா நார்த் தகடு கடைசிவரை தாங்கிப் படீரென்று முறிந்தது. முறிந்த இடத்தில் நார் உருவவே இல்லை! ஆய்வகத்திலேயே துள்ளிக் குதித்தேன். மிளகாய்த் தகடு அதற்கு வெகு முன்பே நார் நாராக உருவிக்கொண்டது.

போகிறவர்கள் குடையும், காலில் ஏறும் அட்டைக்குப் பூசச் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். ஞாயிறு பஸ் குறைவு, காலையிலேயே கிளம்புங்கள். எதை ஊறவைக்கச் சொன்னாலும் போத்தலைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்.

சித்திக்குப் போன் போட்டு, பட்டம் தப்பியது, மிளகாய்தான் தோற்றது என்றேன்.

"அப்பவே நெனச்சேன் புள்ள. ரெண்டு பாக்கெட்டு போட்டிருக்கணும்."