தொண்ணூறு சென்டிமீட்டர்

அப்பாவும் மாமாவும் சீமெந்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அம்மா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். மாமா அம்மாவின் தம்பி. டென்மார்க்கின் ஹேர்னிங்கில் கொங்கிறீட் தூண் வார்க்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. எங்கள் வீடு இருந்த ஹோர்சன்ஸில் அப்பாவுக்கோ சாமான் கிடங்கில் வேலை. ஆனால் ஊரில் சொந்தக் கையால் வீடு கட்டியவர். ஆகவே கடைசி வார்த்தை யாருடையது என்பது இருவருக்கும் இடையில் தீராத வழக்காக இருந்தது.

எனக்கு எட்டு வயதான கோடையின் முடிவில் அந்த வழக்கு எங்கள் பின்வளவுக்கு வந்து சேர்ந்தது. டெரஸ் போடப்போகிறேன் என்று அப்பா அறிவித்தார். பின்கதவுக்கு வெளியே பலகை அடித்துப் போடும் தளத்துக்கு இங்கே அதுதான் பெயர். எதற்கு என்று கேட்டேன். கோடையில் இறைச்சி வாட்டிச் சாப்பிட என்றார். எங்கள் வீட்டில் இறைச்சியே சமைப்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு இருந்த கவலை வேறு. பின்கதவுக்கு வெளியே இரண்டு படிகள் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவற்றிலிருந்து புல்லில் குதிப்பது என் நித்திய கடமை. அப்பாவோ குசினித் தரையும் டெரஸும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், படியே வரக்கூடாது என்றார். ஒரு படியாவது விடச்சொல்லி இரண்டு நாள் அழுதேன். நான் கேட்டு அப்பா மறுத்தது அதுதான் முதல் தடவை. என்னைவிட அவருக்குப் பலகைதான் பெரிது என்று முடிவு கட்டி, ஒரு நேரச் சாப்பாட்டையும் விட்டேன்.

சனிக்கிழமை மாமா மண்வெட்டியோடும் அளவு நாடாவோடும் வந்து இறங்கினார். குழி ஒவ்வொன்றும் தொண்ணூறு சென்டிமீட்டர் ஆழம் வேண்டும் என்றார். குளிர்காலத்தில் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து வீங்கும், வீங்கினால் மேலே இருப்பதைத் தூக்கும், அந்த ஆழத்துக்குக் கீழேதான் உறைவு எட்டாது என்று விளக்கினார். அப்பா முழங்கால் வரை கிண்டிவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

“ஊரிலை என்ரை வீட்டுக்கு ரெண்டடி அத்திவாரம்தான், மச்சான். ஷெல் விழுந்து கூரை போச்சு. அத்திவாரம் அசையேல்லை.”

“ஷெல் மேலாலை வரும் அத்தான். இது கீழாலை வரும்.”

இதைச் சொல்லிவிட்டு மாமா கார் ஏறிப் போய்விட்டார். அப்பா ஒன்பது குழிகளையும் முழங்கால் ஆழத்திலேயே நிறுத்தி, ஒரே நாளில் கொங்கிறீட் ஊற்றினார். ஏன் அவ்வளவு அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை. கோடை முடிந்துவிட்டது, வாட்டுவதற்கு இறைச்சியும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை டென்மார்க்கில் வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். ஊரில் புதுச் சீமெந்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டு இறுகவைப்பது வழக்கம். அப்பா ஒவ்வொரு கொங்கிறீட் கட்டையையும் சுற்றி, வாழைக்குக் கட்டுவதுபோலக் களிமண்ணால் பாத்தி கட்டினார். வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம் வாளியால் நிரப்பினார். மாமா தொலைபேசியில் சுகம் விசாரித்தபோது இதை நான் பெருமையாகச் சொன்னேன். அம்மாவிடம் கொடு என்றார். அம்மா கேட்டுவிட்டு, அவர் ஆசைக்குச் செய்யட்டும் விடடா என்று சிரித்தார்.

பாத்திகளை உடைக்காமலே அப்பா மேலே பலகை அடித்தார். வேலை முடிந்த அன்று அம்மா தேநீர்க் கோப்பையோடு வெளியே நடந்தார். அந்த நாட்களில் அவர் சுவரையோ கதவையோ பிடித்துக்கொண்டுதான் நடப்பார். முதியோர் இல்லத்து வேலைக்கும் லீவு போட்டிருந்தார். களைப்பு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று எதையும் பிடிக்கவில்லை. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒக்டோபர், நவம்பர் மழை முழுவதும் பலகை இடுக்குகளால் இறங்கி அந்தப் பாத்திகளை நிரப்பியிருக்க வேண்டும். தை மாதத்தில் ஒரு கிழமை கடும் குளிர் பிடித்தது. ஒருநாள் காலையில் அம்மா பின்கதவைத் தள்ளினார். வெளிப்பக்கம் திறக்கும் அந்தக் கதவு நாலு விரல் அகலம் திறந்து, பலகையில் இடித்து நின்றது. அப்பா தோளால் முட்டிப் பார்த்தார். அசையவில்லை.

முன்வாசலால் சுற்றிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். டெரஸ் வீட்டுப் பக்கமாக முதுகு கூனி எழும்பியிருந்தது. அப்பா பனியில் குப்புறப் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். அவர் கட்டிய பாத்திகளில் அவர் விட்ட இடத்திலேயே தண்ணீர் கல்லாக நின்றது. எழும்பிப் பனியிலேயே உட்கார்ந்து, அழத் தொடங்கினார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. மாமா வென்றுவிட்டாரே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் அப்படி ஓர் இரக்கம் வந்தது. மாமாவுக்கு இதைச் சொல்லவே மாட்டேன் என்று அவர் காதுக்குள் சத்தியம் செய்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து இன்னும் அழுதார்.

அம்மா வீட்டைச் சுற்றி வந்து சேர வெகுநேரம் எடுத்தது. செங்கல் சுவரில் ஒரு கையை வைத்து வைத்து வந்தார். கூனியிருந்த பலகைகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, அழாதேங்கோ. ஆறுதலாக் கிண்டுங்கோ. வாற வருசமும் நான் நடப்பன்.”

அன்றே அப்பா மாமாவைத் தொலைபேசியில் அழைத்து, வந்து அளந்து காட்டச் சொன்னார். மாமா நக்கலடிப்பார் என்று காத்திருந்தேன். மண் இளகிய பிறகு ஏப்ரலில் வந்தவர் நேரே மண்வெட்டியைத்தான் எடுத்தார். பழைய கட்டைகளைக் கிளப்பி எடுத்தார்கள். குழியின் அடியில் தண்ணீர் வடியச் சரளைக்கல் போட்டார்கள். கூரைத் தண்ணீர்க் குழாயையும் வேறு பக்கம் திருப்பினார்கள். தொண்ணூறு வந்ததும் மாமா போதும் என்றார். அப்பா இன்னும் கொஞ்சம் என்று கிண்டிக்கொண்டே போனார். கொங்கிறீட் ஊற்றிய மறுநாள் காலை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு குவளைத் தண்ணீரை அதன் தலையில் தெளித்தார். மாமா பார்த்துவிட்டு முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் அந்த டெரஸில் தன் காலால் நடந்தார். எனக்குப் பதினொரு வயதானபோது சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்தது. அப்பா அதைக் குசினியிலிருந்து வெளியே தள்ளினார். சில்லு எந்த இடத்திலும் தட்டவில்லை. நான் அழுது கேட்ட படி ஏன் கிடைக்கவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. அந்தத் தளம் இன்றுவரை ஒரு மயிரிழை அசையவில்லை.

ஆனால் அந்தத் தை மாதக் காலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. வருகிற வருடமும் நடப்பேன் என்று அம்மா சொன்னது எனக்குப் பெரிய பகிடியாக இருந்தது. நடக்காமல் என்ன, பறக்கப் போகிறீர்களா என்று டேனிஷில் கேட்டேன். அம்மா சிரித்தார். அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழும்பி அம்மாவின் கையைப் பிடித்துச் சுவரோரமாக முன்வாசலுக்குக் கூட்டிப்போனார். நான் அவர்களுக்கு முன்னால் பனியில் குதித்துக் குதித்து ஓடினேன். ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறீர்கள் என்று திரும்பித் திரும்பிக் கேட்டேன்.