வானத்தை உழுத கொழு

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இந்தச் சிங்கம் ஏன் காய்ச்சல்காரன் மாதிரி நிக்குது?" என்று தொப்பியில் சின்னம் தைக்கக் கொடுக்க வந்தவரைக் கேட்கிறார் விக்னராஜா. கொண்டுவந்த சின்னத்தைக் குறை சொல்லாமல் அவர் எந்த வேலையையும் கையில் எடுப்பதில்லை. மெல்பேர்ன் புறநகர் கிரான்பர்னில், அவர் வீட்டில் கார் நிற்கவேண்டிய கராஜில் அவருடைய எம்பிராய்டரி மெசின் நிற்கிறது. கார் வெயிலில் காய்கிறது. பழைய மாணவர் சங்கத்துத் தொப்பி, கோயில் தொண்டர்களின் சேர்ட், கிரிக்கெட் கழகத்துக் கொடி எல்லாம் அங்கிருந்துதான் போகின்றன.

குறை சொல்வதோடு நின்றால் பரவாயில்லை. சொல்லாமல் கொள்ளாமல் திருத்தியும் விடுவார். வாடிய தாமரைக்கு இரண்டு இதழ் கூட்டுவார், மெலிந்த சிங்கத்துக்குச் சதை போடுவார். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் மனிதருக்கு அப்படியொரு பெருமை.

போன மாதம் பக்கத்து வீட்டு லாயோஷ் வந்தார். ஹங்கேரிக்காரர், எண்பத்திரண்டு வயது. மெல்பேர்னில் இருக்கும் அவருடைய ஊர்க்காரர்கள் ஆண்டுக்கொருமுறை கூடுவார்கள். இந்த ஆண்டு ஊர்க்கொடியைத் தூக்குவது அவர்தான், முதல் தடவை. ஊர்ச் சின்னத்தின் படத்தைப் பத்திரமாக எடுத்து நீட்டினார். நீலக் கேடயம், மூன்று கோதுமைக் கதிர், நடுவில் கலப்பையின் கொழு. அதன் முனை மேலே பார்த்தது.

விக்னராஜா வன்னியில் வயல் உழுதவர். "இவங்கள் என்ன, வானத்தையோ உழுறவங்கள்?" என்று மனைவி நிரூபாவிடம் சொல்லிச் சிரித்தார். கொழுவைக் கீழே திருப்பி, மண்ணைப் பார்க்கத் தைத்துவிட்டார்.

கூட்டத்துக்கு முதல்நாள் கொடியை வாங்க வந்து விரித்த லாயோஷ், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அவருடைய ஊரில் உழவன் செத்தால்தான் கொழுவை முனை கீழாகப் புதைகுழியில் குத்தி வைப்பார்களாம்.

"இதை நான் தூக்கமாட்டேன், விக்."

கொடியை அங்கேயே வைத்துவிட்டு அவர் போனதும் நிரூபா வாசலுக்கு வந்தாள். "ஒரு ஊரையே சாகடிச்சுப் போட்டீங்களே!"

"சும்மா இரும்" என்றாலும் விக்னராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், எண்பத்திரண்டு வயதில் அந்த மனிதருக்குக் கிடைத்த முதல் தடவை. அன்று கேரம் டவுன்ஸில் உள்ள கோயிலுக்குப் போகும் திட்டத்தைக் கைவிட்டு, கொழுவின் தையலைச் சின்னக் கத்தியால் நூல் நூலாகப் பிரித்தார். சோறும் கராஜுக்கே வந்து ஆறியது. "முனை மேல, முனை மேல" என்று முணுமுணுத்தபடி மெசினை மறுபடி ஓடவிட்டார். படத்தில் ஒரு கதிர் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கை துருதுருத்தது. நிமிர்த்தாமல் அப்படியே விட்டார்.

மறுநாள், கூட்டம் நடக்கும் ஞாயிறு காலை லாயோஷ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். கொடியை விரித்து நெடுநேரம் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். கொடியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

மடிப்பில் கொழுவின் முனை தரையைப் பார்த்துத் தொங்குவதை விக்னராஜா கண்டார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி பின்னால் ஓடி, கிழவரின் கக்கத்திலிருந்து கொடியை உருவி, முனை மேலே வரத் திருப்பி, மறுபடியும் அங்கேயே செருகிவிட்டார்.