சாம்பார் தேதி எழுதிய காலண்டர்

அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்கள்: நான். என் மனைவி. எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருந்த மெட்ராஸ் என்ஜினியர் தம்பி. எதிர்ப்பக்கம், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அலுவலக அம்மா. அப்புறம் முருகன். அவர் பழைய காலண்டரில் இருந்தார். என் மனைவி அவரைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள்.

நியூ ஜெர்சியில், வேலை போனவர்களுக்குப் பணம் கொடுக்கிற அரசு அலுவலகம் அது. ஜனவரி மாதம். வெளியே பனி. எங்களுக்கு அதுதான் முதல் பனி.

நான் சமையல்காரன். ஈரோட்டுப் பக்கம். படிப்பு எட்டாவது. டெக்சாஸில் இருந்த அக்கா எழுதிக் கொடுத்து கிரீன் கார்டில் வந்தோம். அக்கா வீட்டில் பத்து நாள் இருந்தோம். பத்து நாளும் என் மனைவியை அடுப்பைத் தொட விடவில்லை. மரியாதைதான். ஆனால் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நியூ ஜெர்சியில் ஐசலின் என்ற ஊரில் ஓர் ஓட்டலில் தோசைக்கல்லுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கிளம்பிவிட்டோம். சித்திரை பிறந்த அன்று வேலையில் சேர்ந்தேன். இரண்டு ரூம் வீடு. அடுப்பு அவளுடையது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஓட்டலை மூடிவிட்டார்கள். கூட்டம் வரவில்லை. ஓனரைச் சொல்லிக் குற்றமில்லை.

மாடி வீட்டுத் தம்பிதான் சொன்னார்.

"அண்ணா, அன்எம்ப்ளாய்மென்ட் அப்ளை பண்ணுங்க."

"சும்மா கைநீட்டி வாங்கறதுங்களா தம்பி?"

"இல்லண்ணா, இன்ஷூரன்ஸ் மாதிரி. உங்க சம்பளத்துலயே பிடிச்சிருக்காங்க. பே ஸ்டப்ப, அதான் சம்பளச் சீட்ட, பாருங்க."

"நீங்களும் கட்டறீங்களா?"

"கட்றேனே. ஆனா எனக்குக் கிடைக்காது. விசா அப்படி. வேலை போச்சுன்னா நேரா மீனம்பாக்கம்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

விண்ணப்பம் போட்டோம். இல்லை என்று கடிதம் வந்தது. தம்பி எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தார். சட்டம் இதுதான்: இருபது வாரம் வேலை செய்திருக்க வேண்டும். என் பெயரில் இருந்தது பதினெட்டு.

"எட்டு மாசத்துக்கு மேல நின்னனுங்களே தம்பி."

"ஜனவரில அப்ளை பண்ணா போன செப்டம்பர் வரைக்கும்தான் பார்ப்பாங்க. அக்டோபர், நவம்பர், டிசம்பர் இப்ப கணக்குல வராது. ஏப்ரல்ல போட்டா வரும்."

"வாடகை ஏப்ரல் வரைக்கும் நிக்காதுங்களே."

அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டார். எனக்கும் தெரியும். பணம் வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

குறைந்த வாரங்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். சேர்ந்தபோது, சம்பளக் கணக்குக்கு வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி கார்டு எனக்கு வந்திருக்கவில்லை. "கார்டு வர்ற வரைக்கும் கையில குடுத்துருங்க" என்று நானே ஓனரிடம் சொன்னேன். ஆறு வாரம் கழித்து கார்டு வந்தது. அதன் பிறகுதான் செக். முதல் ஆறு வாரம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஓனரைப் போய்ப் பார்த்தேன். பாத்திரங்களை விலை பேசிக்கொண்டிருந்தார்.

"அப்ப எழுதல. இப்ப எழுதினா என்னைக் கேள்வி கேப்பாங்க. ஓட்டல்ல ஒரு மூட்டை அரிசி மிச்சம் இருக்கு. எடுத்துட்டுப் போ" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்ன சொன்னாருங்க?" என்றாள் மனைவி.

"அரிசி குடுத்தாரு."

"இதத் தூக்கிட்டுப் போயி டெக்சாஸ்ல ஆக்கறதுங்களா? அங்க என்னையத்தான் அடுப்புப் பக்கமே உடமாட்டாங்களே."

அப்பீல் பண்ணலாம் என்றார் தம்பி. அந்த ஆறு வாரத்துக்கு ஏதாவது எழுத்து வேண்டும். சீட்டு, கையெழுத்து, எதுவானாலும் சரி. எதுவும் இல்லை என்றேன். மனைவி எழுந்து உள்ளே போனாள். துணி அலமாரிக்குப் பின்னாலிருந்து போன வருஷத்துக் காலண்டரை எடுத்து வந்தாள். மளிகைக் கடையில் கொடுத்தது. மேலே முருகன், கீழே மாதத் தாள்கள்.

"இத இன்னும் வெச்சிருக்கறயா?" என்றேன்.

"சாமி படத்த எப்படீங்க குப்பையில போடறது?"

சித்திரை மாதத்திலிருந்து கட்டம் கட்டமாகப் பென்சிலில் எழுதியிருந்தாள். சா. வ. பொ. கூ.

ஊரில் எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. இங்கே வீட்டோடு இருந்தது. அவள் அதை நம்பவில்லை. வேலை முடிந்து வரும்போது ஓட்டலில் மிஞ்சியதை நான் டப்பாவில் கொண்டு வருவேன். எது என்றைக்கு வந்தது என்று தெரிய வேண்டுமே. சாம்பார் வந்தால் சா. வடைக்கு வ. பொங்கல், கூட்டு. மூன்றாம் நாள் கொட்டிவிடுவாள்.

தம்பி தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அக்கா, இது பே ஸ்டப்ப விட நல்லா இருக்கு" என்றார்.

ஆக, அந்த மேஜை. தம்பி ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அலுவலக அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். சா என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து என்ன என்று கேட்டார்.

"சாம்பார்" என்றார் தம்பி. பருப்பு, காய், புளி என்று ஏதோ விளக்கினார்.

எதற்கு எழுதினீர்கள் என்று அந்த அம்மா என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். தம்பி வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"ஓல்டு. த்ரோ."

அந்த அம்மா சிரித்தார். தன் வீட்டிலும் டப்பாக்களில் தேதி ஒட்டுவதாகவும், தன் புருஷன் அதைப் பார்க்காமலே சாப்பிடுவதாகவும் சொன்னார். தம்பி அதைத் தமிழில் சொன்னதும் என் மனைவி என்னைப் பார்த்தாள்.

பிறகு அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு வாரம் வாரமாக எண்ணினார். மூன்றாவது வாரத்தில் நின்றார். ஏழு கட்டமும் காலி.

தம்பி குனிந்து என் காதில் சொன்னார். "அண்ணா, அந்த வாரம் மிச்சம் எதுவும் இல்லைன்னு சொல்லிடலாம்."

"போகலீங்க தம்பி. கை வெந்துபோச்சு."

"இப்ப அத சொல்லணுமா?"

"போகலீங்க."

சட்டைக் கையை மடக்கி முழங்கைத் தழும்பைக் காட்டினேன். தம்பி அதை இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா தழும்பைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார். முருகன் படத்தை மடங்காமல் சுருட்டி, இரண்டு கையாலும் என் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். முடிவு தபாலில் வரும் என்றார்.

அந்தத் தம்பி பின்னால் சான்டா கிளாரா போய்விட்டார். கொஞ்ச காலம் போன் பண்ணுவார். "அக்கா, இன்னிக்கு சாவா, வ-வா?" என்று கேட்பார். இப்போது போனும் இல்லை. அந்த வீட்டுப் பக்கம் காரில் போனால் மாடி ஜன்னலைப் பார்ப்பேன். வேறு யாரோ திரை போட்டிருக்கிறார்கள். மனைவி இன்னும் காலண்டரில் எழுதுகிறாள். நாங்கள் இருவர்தான். மிச்சம் அதிகமாக விழுகிறது.

அந்தக் கடிதம், அலுவலகம் போய் வந்த பத்தாம் நாள் வந்தது. தம்பி செருப்பில் பனியோடு இறங்கி வந்து, நின்றபடியே படித்தார். மனைவி கையில் கரண்டியோடு அடுப்புப் பக்கம் நின்றாள். உலையில் ஓனர் கொடுத்த அரிசி.

பணம் உண்டு என்று எழுதியிருந்தது. கடைசி வரியில் என் வாரங்களைக் கூட்டிப் போட்டிருந்தார்கள்.

இருபத்து மூன்று.